மான் வேட்டையில் நல்ல சீசன் எது?

சமய வகுப்பில் வள்ளி திருமணக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மான் வயிற்றில் பிறந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தார் என்று சொல்லி முடிப்பதற்குள் படிவம் 4 மாணவி ஒருத்தி கையைத் தூக்கினாள். “அண்ணா, வேடர்னா மானைக் கொல்றவங்கதானே? மானோட பிள்ளையை வீட்டுல வளர்த்துக்கிட்டு, மறுநாள் எப்படி மான் வேட்டைக்குப் போவாங்க?” வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அப்போதைக்கு நகர்ந்துவிட்டேன். அந்த அடுத்த வாரம் பல மாதங்களாக நீண்டு, இப்போது கட்டுரையாக உங்கள் கையில் இருக்கிறது.

வேட்டை பாவம், அவ்வளவுதான் என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நம் கதைகள் அப்படி முடிக்க விடுவதில்லையே. வள்ளியைத் தேடி வந்த முருகப் பெருமான் வேடன் வேடத்தில்தான் வந்தார். காளத்தியில் கண்ணைப் பெயர்த்து அப்பிய கண்ணப்பர் வேடர். அவர் படைத்ததும் வேட்டை இறைச்சிதான். இன்னொரு பக்கம், சிவபெருமான் கையில் ஒரு மான் துள்ளிக்கொண்டு நிற்கிறது. வேடனும் மானும் ஒரே சன்னதியில் இடம் பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் கேள்வியை இன்னும் கொஞ்சம் கூர்மையாகத்தான் கேட்க வேண்டும். எந்த வேட்டை? எவ்வளவு? யாருக்காக? எப்போது நிறுத்துவது?

வேட்டைச் சட்டங்கள் கேட்பதும் இதே கேள்விகளைத்தான். இது எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம். அதுவரை வேட்டைச் சட்டம் என்றால் ஏதோ லைசென்ஸ் கட்டணம், அபராதம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பகாங்கில் தோட்டத்தில் வாழ்ந்த என் பெரியப்பாவிடம் ஒரு காலத்தில் துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் எடுத்து, அனுமதி உள்ள காலத்தில் மட்டும் கடமான் தேடிப் போவார். நாம் ருசா என்று சொல்கிறோமே, அந்தப் பெரிய மான்தான் கடமான். பல தடவை வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறார். பெரியம்மா கேலி செய்வார். அவர் கவலைப்பட்டதே இல்லை. “நல்ல சீசன்னா எத்தனை விழுந்துச்சுன்னு பாக்குறது இல்லடா தம்பி. அடுத்த வருஷம் போறப்ப, பெரிய தடத்துக்குப் பக்கத்துல சின்னத் தடமும் இருக்கணும். அது இருந்தா போன சீசன் நல்ல சீசன்” என்பார். சின்ன வயதில் இது எனக்கு வெறும் சமாளிப்பாகத்தான் கேட்டது.

2009ஆம் ஆண்டு முதல் தீபகற்ப மலேசியாவில் கடமான், கிஜாங் இரண்டையும் வேட்டையாட லைசென்ஸ் வழங்குவது நிறுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்கென்று தொடங்கிய தடை மீண்டும் நீட்டிக்கப்பட்டது. பெரியப்பா துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். அவர் சொன்ன சின்னத் தடம் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பிருந்தே கண்ணில் படவில்லையாம்.

சீசன் என்ற ஏற்பாடு முழுசாக நடக்கும் ஓர் இடத்தையும் பார்த்தால்தான் நம் நிலைமை புரியும். என் பள்ளித் தோழன் ஒருவன் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மெடிசன் நகரில் படித்தான். சுத்த சைவம். நவம்பர் மாதம் வந்ததும் ஊரே ஆரஞ்சு நிறமாக மாறுவதைப் பார்த்து மிரண்டுபோய் எனக்கு போன் செய்தான். அங்கே துப்பாக்கியால் மான் வேட்டையாடும் முக்கிய சீசன் 9 நாள். நன்றி நவிலும் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். 5 லட்சம் பேருக்கு மேல் காட்டுக்குள் இறங்குகிறார்கள். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவராக இருந்தால், பொதுவாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துத்தான் லைசென்ஸ் வாங்க முடியும். இடுப்புக்கு மேல் போடும் உடுப்பில் பாதியாவது பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஒரு வேடன் இன்னொரு வேடனை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது அல்லவா. சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும். கொம்பில்லாத மானைச் சுடத் தனி அனுமதி வேண்டும். அது எத்தனை பேருக்கு என்பது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மாறும். மான் குறைந்த மாவட்டத்தில் சில வருஷம் பெண் மானைத் தொடவே விடமாட்டார்கள்.

சீசன் முடிந்ததும் எத்தனை மான் விழுந்தது என்று மாநில இயற்கைவள இலாகா அறிவிக்கும். 2000ஆம் ஆண்டில் அது 5 லட்சத்தையும் தாண்டியது. “டேய், எண்ணிக்கை குறைஞ்சா இவங்க கவலைப்படறாங்கடா! என்ன ஊர் இது?” என்றான் தோழன்.

என்ன ஊர் என்று புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மான் இறைச்சி சந்தைச் சரக்காக இருந்தது. சுடுகிறவன் சுட, ரயில் பெட்டி ரயில் பெட்டியாக நகரங்களுக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பெரிய தேசம் முழுவதிலும் வெள்ளைவால் மான் சுமார் 5 லட்சம்தான் மிஞ்சியது என்பது பொதுவான மதிப்பீடு. இன்று ஏறக்குறைய 3 கோடி. இடையில் நடந்தது என்ன? சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோய் விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் குற்றமாக்கியது. காட்டு மான் இறைச்சியை விற்பதை மாநிலங்கள் தடுத்தன. சீசன் வைத்தார்கள், ஆளுக்கு இத்தனை என்று வரம்பு வைத்தார்கள். 1937ஆம் ஆண்டில் துப்பாக்கி, தோட்டாவுக்கு வரி போட்டு அந்தப் பணத்தை வனவிலங்குப் பராமரிப்புக்கே ஒதுக்கினார்கள். வேடன் தன் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், சொந்தக்காரருக்குக் கொடுக்கலாம், விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மானைக் காப்பாற்றியதிலேயே ஒரு வம்பும் வந்து சேர்ந்தது. அரிசோனாவில் கைபாப் என்ற மேட்டுநிலத்தை 1906ஆம் ஆண்டில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் விலங்குக் காப்பகமாக அறிவித்தார். மானைக் கொல்லக் கூடாது. மானைத் தின்னும் ஓநாய், மலைச்சிங்கம் எல்லாவற்றையும் அரசாங்கமே ஆள் வைத்துக் கொன்றது. மான் பெருகியது. எட்டிய உயரம் வரைக்கும் இலை இல்லாமல் மேய்ந்து தீர்த்தது. 1920களின் நடுவில் வந்த குளிர்காலங்களில் கூட்டம் கூட்டமாகப் பட்டினியால் செத்தது. ஆல்டோ லியோபோல்ட் என்ற வன அதிகாரி இளைஞராக இருந்தபோது தானே ஓநாய்களைச் சுட்டவர். ஓநாய் குறைந்தால் மான் கூடும், வேடனுக்குச் சொர்க்கம் என்று நம்பியவர். பிற்காலத்தில் அவரே விஸ்கான்சினில் பேராசிரியராகி, பெண் மான்களையும் குட்டிகளையும் சுட அனுமதிக்க வேண்டும் என்று வாதாடினார். 1943ஆம் ஆண்டு சீசனில் அது நடந்தது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் விழுந்தன. மக்கள் கொதித்துப்போனார்கள்.

அந்தக் கொதிப்பு எனக்குப் புரிகிறது. கொம்பன் மானைச் சுடலாம், தாயைச் சுடாதே என்பது எந்த ஊரிலும் மனிதனுக்கு இயல்பாக வரும் இரக்கம்தான். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது. ஓர் ஆண் மான் பல பெண் மான்களோடு சேரும். ஆணை மட்டும் சுட்டால் கூட்டம் குறையாது. தின்ன ஓநாயும் இல்லை, சுட வேடனும் இல்லை என்றால் பனியில் மரப்பட்டையைக் கடித்துக்கொண்டு குட்டியோடு சேர்ந்து தாயும் சாகும். நம் கை படவில்லை என்பதால் அந்தச் சாவு நம் கணக்கில் வராதா? ஓநாயைக் கொன்றது யார்?

ஆக, விஸ்கான்சினில் “போதுமான அளவு கொன்றோமா” என்பது ஒரு நியாயமான கேள்வியாகிவிட்டது. தோழனுக்கு இதை விளக்கினேன். “புரியுது, ஆனா பிடிக்கல” என்றான். அது நேர்மையான பதில்.

இதே வாதத்தை நம் நாட்டில் வந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காக்காரனே சுடச் சொல்றான், நாம மட்டும் ஏன் தடை போடணும் என்று ஒரு கல்யாண வீட்டில் ஓர் அங்கிள் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவருக்கு அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அங்குள்ள வெள்ளைவால் மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். நம் கடமான் எட்டு மாதம் சுமந்து வழக்கமாக ஒரே ஒரு குட்டி. அங்கே பெரும்பகுதி இடங்களில் மானைத் தின்ன ஆள் இல்லை. இங்கே புலி இருக்கிறது. இல்லை, இருந்தது என்று சொல்லும் நிலைமைக்கு வந்துகொண்டிருக்கிறது. 2016 முதல் 2020 வரை நடந்த முதல் தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் மிஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று சொன்னது. புலிக்கு வயிறு நிறைய வேண்டுமானால் கடமான் வேண்டும், காட்டுப்பன்றி வேண்டும், கிஜாங் வேண்டும். கடமானே உலக அளவில் 2008 முதல் அழியக்கூடிய நிலையில் உள்ள விலங்காகப் பட்டியலில் இருக்கிறது. இங்கே நாம் எடுக்கும் ஒவ்வொரு ருசாவும் இன்னொரு தட்டிலிருந்து எடுப்பது.

ஒரே செயல்தான். ஓர் இடத்தில் சட்டம் செய் என்கிறது, இன்னோர் இடத்தில் செய்யாதே என்கிறது. தர்மம் இடத்துக்கு இடம் மாறுமா என்று கேட்டால், தர்மம் கேட்கும் கேள்வி மாறவில்லை, நிலம்தான் வேறு பதில் சொல்கிறது என்பது என் எண்ணம்.

இதை நம் பெரியவர்கள் யோசிக்காமல் இல்லை. மகாபாரதத்தின் வன பர்வத்தில் ஒரு சின்னப் பகுதி உண்டு. அதிகம் பேர் சொல்லிக் கேட்டதில்லை. கதாகாலட்சேபத்தில்கூட வேகமாகத் தாண்டிவிடுவார்கள். பாண்டவர்கள் துவைத வனத்தில் வசித்த காலம். அவர்களும் கூட இருந்தவர்களும் சாப்பிட, தம்பிகள் வேட்டையாடிக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் இரவு தருமர் கனவில் மான்கள் வந்து நின்றன. நடுக்கம், கண்ணீர். யார் நீங்கள் என்று கேட்டார். இந்தக் காட்டில் கொன்றது போக மிஞ்சியவர்கள் நாங்கள் என்றன. உங்கள் தம்பிகள் வீரர்கள். எங்கள் குலத்தில் சிலரைத்தான் விட்டுவைத்திருக்கிறார்கள். விதை போலக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறோம், நாங்கள் மறுபடி பெருக வழிவிடுங்கள் என்று கேட்டன. தருமர் விழித்ததும் தம்பிகளைக் கூப்பிட்டுக் கனவைச் சொன்னார். மான்கள் சொன்னது உண்மை, இவற்றின் மேல் இரக்கம் காட்ட வேண்டும் என்றார். அன்றே கூடாரத்தைக் கிளப்பிக்கொண்டு காம்யக வனத்துக்குப் போனார்கள்.

எனக்குத் தெரிந்து வேட்டைத் தடை பற்றிய மிகப் பழைய கதைகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். இதில் என்னைப் பிடித்துவைத்த வார்த்தை அந்த விதைதான். விதைநெல்லை எந்தப் பஞ்சத்திலும் குத்திச் சோறாக்கக் கூடாது என்பது விவசாயிக்குத் தெரியும். மான்கள் தருமரிடம் அகிம்சை உபதேசம் செய்யவில்லை. செத்துப்போன உறவுகளுக்கு நியாயமும் கேட்கவில்லை. விதையைச் சாப்பிடாதே என்று மட்டும் கேட்டன. தருமரும் வேட்டையை அடியோடு விட்டதாகக் கதை சொல்லவில்லை. இடத்தை விட்டுப் போனார். இது அரைகுறைக் கருணை என்று தோழன் சொல்கிறான். இருக்கட்டும். வில் பிடித்த ஐந்து பேரில் ஒருவர், மான் சொல்வதை ஒரு தரப்பு வாதமாக எடுத்து முடிவு செய்தாரே, அது பெரிய விஷயம் என்கிறேன் நான்.

பெரியப்பா சொன்ன சின்னத் தடமும் அந்த விதையும் ஒன்றுதான் என்று இதைப் படித்தபோது தோன்றியது. அவர் வன பர்வம் படித்தவர் இல்லை.

இப்போது நம் காட்டுக்கு வருவோம். லைசென்ஸ் நின்று இத்தனை வருஷம் ஆகியும் கடமான் ஏன் திரும்பிப் பெருகவில்லை? காடு சுருங்கியது ஒரு காரணம். செம்பனைக்கும் சாலைக்கும் அணைக்கும் போனது திரும்பி வராது. இன்னொரு காரணம் கண்ணி. ஜெராட் என்று சொல்வார்கள். கம்பி வடத்தை வளையமாகக் கட்டி, மான் நடக்கும் தடத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேட்டைச் சட்டம் கேட்கும் எந்தக் கேள்வியும் கண்ணிக்குத் தெரியாது. ஆணா பெண்ணா, சினையா, குட்டியா, சீசனா இல்லையா, ஒன்றா பத்தா, எதையும் பார்க்காது. ருசாவுக்கு வைத்த கண்ணியில் புலியும் மாட்டும். வைத்தவன் திரும்பி வராவிட்டால் அப்படியே தொங்கி அழுகும். துப்பாக்கி பிடித்த வேடனாவது ஒரு கணம் நின்று பார்க்கிறான், சுடாமல் விடுவதற்கு அவனுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. கம்பிக்கு அந்தக் கணம் கிடையாது.

வைப்பவன் அத்தனையையும் தன் வீட்டில் சமைப்பதற்காகவா வைக்கிறான்? வாங்க ஆள் இருக்கிறது. இந்த இடம்தான் நம்மைத் தொடுகிறது, இளைஞர்களே. நம்மில் யாரும் காட்டுக்குள் கம்பி கட்டப் போவதில்லை. ஆனால் “ருசா ஹூத்தான் வந்திருக்கு, ஃப்ரெஷ், வேணுமா?” என்ற வாட்ஸ்அப் செய்தி நம் குடும்பக் குழுக்களில் வந்ததே இல்லை என்று யாராவது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம். உணவகங்களில் கிடைக்கும் ருசா மிளகுப் பிரட்டல் பண்ணையில் வளர்த்த மானாக இருக்கலாம். நம் நாட்டில் மான் பண்ணைகள் உண்டு. அந்தப் பெயரில் காட்டு மானும் உள்ளே நுழைந்துவிட வழி இருக்கிறது. கேட்டு வாங்குகிறோமா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி, அனுமதி இல்லாமல் பாதுகாக்கப்பட்ட விலங்கின் இறைச்சியை வைத்திருப்பதே குற்றம். வாங்குபவன் இல்லாவிட்டால் விற்பவனும் இல்லை என்ற கணக்கை வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் எப்போதோ போட்டு வைத்துவிட்டார்.

அமெரிக்காவின் விற்காதே விதியை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா. அதே கோடு நம் சட்டத்திலும் உண்டு. ஓராங் அஸ்லி மக்கள் தங்கள் குடும்பத்தின் உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாடலாம் என்று அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை விற்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. எல்லாம் அவங்கதான் புடிக்கிறாங்க என்று பழியை அவர்கள் தலையில் போட்டுவிட்டு ஏசி அறையில் ருசா சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். பசிக்கு எடுப்பவன் தன் வயிறு நிறைந்ததும் நிறுத்துவான். பணத்துக்கு எடுப்பவனை எந்த வயிறு நிறுத்தும்?

தோழன் விடவில்லை. “நீ கூட்டத்தைப் பத்திப் பேசற. விதை மிஞ்சினா நல்ல சீசன்னு சொல்ற. சரி, சுடப்பட்ட அந்த ஒரு மானுக்கு அது என்ன சீசன்?” என்றான். இதற்கு என்னிடம் சாமர்த்தியமான பதில் இல்லை. அந்த ஒரு மானுக்கு உலகமே முடிந்துவிட்டது. எந்த விதியும் அதை நல்லதாக்காது. சட்டத்துக்குப் பாவ புண்ணியம் தெரியாது. இதற்கு மேல் போகாதே என்று சொல்ல மட்டும்தான் தெரியும். ஆனால் தட்டில் இறைச்சி வைக்காததோடு கணக்கு முடிந்தது என்பதை நானும் ஒத்துக்கொள்ளவில்லை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கிறோம். அந்த 48 நாளும் நாம் போகும் சாலையும், பொரிக்கும் எண்ணெயும் யாருடைய காட்டிலிருந்து வந்தன? அவன் சைவத்தைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. அவன் என்னைவிட ஒரு படி மேலே நிற்கிறான். அந்தப் படியில் நின்றபடி காட்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

அதனால் போன வருஷம் இருவரும் சேர்ந்து மெராப்போ பக்கம் சுங்கை யூவுக்குப் போனோம். தாமான் நெகாராவையும் தித்திவாங்சா மலைக்காட்டையும் இணைக்கும் குறுகலான காட்டு வழி அது. புலிப் பாதுகாப்பு அமைப்புகளின் கூட்டணியான மைகேட் அங்கே பொதுமக்களைக் காட்டுக்குள் நடக்க அழைத்துப் போகிறது. ஆள் நடமாட்டம் இருந்தால் கண்ணி வைப்பவன் வரத் தயங்குவான். கண்ணி தென்பட்டால் இலாகாவுக்குத் தகவல் போகும். அட்டைக்கடி பயங்கரம். உப்பும் புகையிலையும் கொண்டுபோங்கள் என்று பெரியப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாம். அன்று கண்ணி எதுவும் கிடைக்கவில்லை. ஆற்றோரச் சேற்றில் வழிகாட்டி எங்களை நிறுத்தி, பிளந்த குளம்புத் தடம் ஒன்றைக் காட்டினார். கடமான், நேற்று இரவோ இன்று விடியலோ போயிருக்கிறது என்றார். தோழன் கைப்பேசியில் படம் எடுத்தான். நான் குனிந்து பக்கத்தில் தேடினேன். பெரிய தடம் மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் மேலே, புல் சரிந்த இடத்தில் இன்னும் பார்க்கலாம் என்று வழிகாட்டி சொல்ல, மூன்று பேரும் அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே ஏறினோம்.